ஐம்பதுக்கு மேல் இயற்கைப் பண்ணை: முதல் மூன்று ஆண்டுகள்

லாரித் தொழிலிலோ, நூற்பாலையிலோ, அரசுப் பணியிலோ காலத்தைக் கழித்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் பூர்வீக நிலத்துக்குத் திரும்புவோர் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உண்டு. குத்தகைக்கு விட்ட நிலத்தை, பிள்ளைகள் தலையெடுத்தபின் தாமே உழ முன்வருவோரும் உண்டு. ‘இந்த வயதில் இயற்கைப் பண்ணை தொடங்கலாமா?’ என்பது இவர்கள் கேள்வி.

தொடங்கலாம். அண்டை மாவட்டமான கரூரில், கடவூர்ப் பகுதியில் கோ. நம்மாழ்வார் 2009-இல் ‘வானகம்’ பண்ணையை நிறுவியபோது அவர் எழுபதைக் கடந்தவர். அதுவும் வறண்ட நிலமே. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இளைஞர் நட்டப்பட்டால் மீண்டு எழக் காலம் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் கைப்பணம் கரைந்தால் மறுபடி சேர்ப்பது அரிது. ஆகவே சிறிதாகத் தொடங்குவதே முறை.

பணமும் காலமும்

ஓராண்டுப் பயிர்களுக்கு, விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிர்களுக்கு, முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலமாகக் கழிந்த பின்னரே முழு இயற்கைச் சான்று கிடைக்கும். அதுவரை விளைச்சலுக்குச் சாதாரண விலையே கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். இரண்டாண்டுக் குடும்பச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கி, அதைத் தொடாதீர்கள். நம் பகுதி பாறை நிலம். கையிருப்பு முழுவதையும் ஆழ்துளைக் கிணற்றில் இறக்குவது ஆபத்து. வரப்பை உயர்த்தி, பண்ணைக் குட்டை வெட்டி, மழைநீரைத் தேக்குவது முதல் வேலை.

முதல் ஆண்டு: மண்

ஓர் ஏக்கர் போதும். மண் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். கோடை மழையில் உழுது, ஏக்கருக்கு 12 கிலோ சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். புரட்டாசியில் கொள்ளு விதைக்கலாம். நன்கு மக்கிய தொழு எரு ஏக்கருக்கு 5 டன் வரை தேவைப்படும். சொந்தமாக மாடு இருந்தால் இச்செலவு குறையும்.

கோழி எரு: எச்சரிக்கை

நாமக்கல்லில் கோழி எரு எளிதில் கிடைக்கும். மக்காத எரு பயிரைக் கருக்கிவிடும். அதைவிட முக்கியமானது, தொழிற்சாலை முறையில் நடத்தப்படும் கோழிப் பண்ணைகளின் எருவை இயற்கைச் சான்று விதிகள் ஏற்பதில்லை. ஒரு லோடு எருவால் காத்திருந்த ஆண்டுகள் வீணாகலாம். வெளியிலிருந்து எதை வாங்கினாலும், சான்றளிப்பு அலுவலரிடம் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு

ஆடிப்பட்டத்தில் ஆறு வரிசை நிலக்கடலைக்கு ஒரு வரிசை துவரை வைக்கலாம். ஒன்று பொய்த்தாலும் மற்றது கைகொடுக்கும். வரப்போரம் ஆமணக்கு நட்டால், புரோடீனியா அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்துவிடலாம். பத்து சென்டில் காய்கறி போட்டால் உழவர் சந்தையில் அன்றாடம் கையில் காசு புரளும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு சேர்த்து, 100 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் முருங்கை நடலாம். 1989-இல் பெரியகுளத்திலிருந்து வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். அந்த மூன்று ஆண்டுகளில் செலவையும் வரவையும் நோட்டில் எழுதி வந்து, கணக்கு தாங்கினால் மட்டும் அடுத்த ஏக்கருக்குச் செல்லுங்கள்.

சான்று

2007-இல் தொடங்கப்பட்ட, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழக அரசின் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்யலாம். தனியே இயலாதவர்கள், குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்புச் சான்று பெறலாம். சேலத்தார் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல்லார் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள நிலையத்தையும் அணுகலாம்.

வயது தடையல்ல, அவசரமே தடை. மண் தேறும் வேகத்திலேயே பண்ணையை வளர்த்தால், உழைப்பும் சேமிப்பும் வீண்போகாது.