மின்னஞ்சல்: போகும் பாதை ஒன்று, வரும் பாதை வேறு

மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்பது வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் பயன்படுத்துவோரிடம் அடிக்கடி கேட்கப்படும் முறையீடு. ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல், ஒரே இணைய இணைப்பு ஆகியவற்றைக் கொண்டு இரண்டும் நடக்கும்போது ஒன்று மட்டும் பழுதாவது எப்படி என்ற ஐயம் நியாயமானதே. அனுப்புவதும் பெறுவதும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வகுக்கப்பட்ட இரு தனித்தனி நெறிமுறைகளால் நடைபெறுகின்றன என்பதே அதற்கான விடை. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களில் கணக்கைப் பதியும்போது உள்வரும் சர்வர், வெளிச்செல்லும் சர்வர் என இரு பெயர்கள் கேட்கப்படுவதும் இதனால்தான்.

அனுப்பும் நெறிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர், இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட ஆவணமே அதன் அடிப்படை. 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் கடிதம் பெறுநரின் கணினிக்குச் செல்வதில்லை. அனுப்புநர் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சர்வருக்கு, அதாவது இரவு பகலாக இயங்கும் சேவைக் கணினிக்கு, 587 அல்லது 465 என்ற போர்ட் வழியாக, கடவுச்சொல் சரிபார்க்கப்பட்ட பிறகே சென்று சேருகிறது. போர்ட் என்பது ஒரே கணினியில் இயங்கும் பல சேவைகளைப் பிரித்தறிய உதவும் எண். சர்வர்கள் தமக்குள் கடிதம் மாற்றிக்கொள்ளும் போர்ட் 25 ஆகும். வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் அதன்வழியே குப்பை மெயில்களைக் கொட்டியதால், வீட்டு இணைப்புகளில் அதனை அடைத்து வைக்கும் இணையச் சேவை நிறுவனங்கள் பல உள்ளன. பழைய அமைப்பில் 25 என்றே விடப்பட்டிருந்தால், கடிதங்கள் தடையின்றி வந்துகொண்டிருக்க, போவது மட்டும் நின்றுவிடும்.

கடிதத்தை ஏற்ற சர்வர், முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பெயரை எடுத்துக்கொண்டு, இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.-இல் அப்பெயருக்குரிய மெயிலைப் பெறும் சர்வர் எது என்று தேடுகிறது. எம்.எக்ஸ். எனப்படும் அப்பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட எண்ணில் எது சிறியதோ அதுவே முதலில் அணுகப்படும். அதன்பின் நிகழும் உரையாடல் வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. அனுப்பும் சர்வர் தன் பெயரைச் சொல்கிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்று அடுத்தடுத்த வரிகளில் அறிவிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 250 என்று தொடங்கும் இசைவு கிடைத்த பிறகு, கடிதத்தை அனுப்பலாமா என்று கேட்டு, 354 என்ற விடை வந்ததும் முழுவதையும் அனுப்பி, தனியொரு வரியில் ஒரேயொரு புள்ளி வைத்து முடிக்கிறது. அந்தப் புள்ளிக்கு மறுமொழியாக மீண்டும் 250 வந்துவிட்டால், கடிதத்தின் பொறுப்பு முழுவதும் பெற்ற சர்வருடையதாகிவிடுகிறது. நான்கில் தொடங்கும் எண் வந்தால் தடை தற்காலிகமானது என்று பொருள்; சர்வர் சில நாள்கள் வரைகூட விடாமல் முயலும். ஐந்தில் தொடங்கினால் மறுப்பு இறுதியானது. அனுப்பியவருக்குத் திரும்பும் அறிவிப்பில் காணப்படும் 550 என்ற எண் பெரும்பாலும் அத்தகைய முகவரி இல்லை என்பதைக் குறிக்கும். அந்த அறிவிப்பைப் படிக்காமலே அழித்துவிடுவது, கையில் கிடைத்த காரணத்தைத் தூக்கியெறிவதாகும்.

இவ்வுரையாடலில் சொல்லப்படும் முகவரிகள் தபால் உறையின் மேல் எழுதப்படுபவை போன்றவை. திரையில் தெரியும் அனுப்புநர், பெறுநர் பெயர்களோ கடிதத்துக்குள் எழுதப்பட்டவை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மூல நெறிமுறையில் இல்லை. மறைநகல் பெறுபவரின் முகவரி பிறருக்குத் தெரியாமல் இருப்பதும், வங்கியின் பெயரில் மோசடிக் கடிதம் வர முடிவதும் இந்த ஒரே இடைவெளியால்தான். பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய சோதனைகள், கடிதம் அந்தப் பெயருக்கு உரியவர் அனுமதித்த சர்வரிலிருந்துதான் வந்ததா, இடையில் திருத்தப்பட்டதா என்று ஆராய்கின்றன.

தொடக்கத்தில் இந்த நெறிமுறை ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்க வல்லதாக இருந்தது. பிற மொழிகளும் படங்களும் செல்ல வழி செய்தது, நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃபிரீடும் 1992இல் வகுத்த மைம் முறை. அதன்படி பெரும்பாலும் மூன்று பைட் தரவு நான்கு எளிய எழுத்துகளாக மாற்றப்படுகிறது. 'அம்மா' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகளாகவும், யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டாகவும் இருந்து, இம்மாற்றத்தில் 20 எழுத்துகளாகிப் பயணம் செய்கிறது. 25 எம்.பி. வரம்புள்ள சேவையில் 20 எம்.பி. படத்தொகுப்பு மறுக்கப்படுவதும் மூன்றில் ஒரு பங்கு கூடும் இந்தக் கணக்கினால்தான்.

பெறும் பக்கத்தில் பாப்3, ஐமேப் என்று இரு நெறிமுறைகள் உள்ளன. பாப்3 கடிதங்களைக் கணினிக்கு இறக்கிவிட்டு, வேறு அமைப்பு செய்யப்படாவிட்டால் சர்வரிலிருந்து அழித்துவிடுவது வழக்கம். கணினியின் வன்தட்டு பழுதானால் கடிதங்களும் போய்விடும். மார்க் கிறிஸ்பின் 1986இல் உருவாக்கிய ஐமேப், கடிதங்களையும், எது படிக்கப்பட்டது என்ற குறிப்பையும் சர்வரிலேயே வைத்திருப்பதால், கைபேசியும் கணினியும் ஒரே அஞ்சல்பெட்டியைக் காண்கின்றன. இன்றைய வீடுகளுக்கு இதுவே பொருத்தமானது. அனுப்பிய கடிதங்களின் அடைவும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. பல மென்பொருள்கள் ஒரு கடிதத்தை எஸ்.எம்.டி.பி. வழியே அனுப்பிவிட்டு, அதன் நகலை ஐமேப் வழியே மீண்டும் ஒருமுறை சர்வரில் ஏற்றுகின்றன. இரண்டாவது வேலை மட்டும் தடைபட்டால், கடிதம் அனுப்பப்பட்டது, ஆனால் நகலைச் சேமிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை தோன்றும். அப்போது பதற்றத்தில் மறுபடியும் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால், பெறுநருக்கு ஒரே கடிதம் இருமுறை போய்ச் சேரும்.