கடற்காற்றும் கறளும்

களனி கங்கையின் தென்பாலுள்ள கிராண்ட்பாஸ், கொழும்புத் துறைமுகத்திற்கும் அண்மையது. ஆதலின் ஆற்றின் ஈரமும் கடலின் உப்பும் அங்குள்ள காற்றிற் கலந்துள்ளன. 1960களில் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால், பழையவற்றைப் பேணிக் காக்கும் வழக்கம் இலங்கையில் வேரூன்றியது. அவற்றின் முதற்பகை கறளேயாம்.

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்துக் கறள் தோன்றும். உப்பு, நீரின் மின்கடத்துந் திறனைப் பெருக்கி அவ்வினையை விரைவாக்கும். அலுமினியத்தின் ஒட்சைட்டு அவ்வுலோகத்தை இறுகப் பற்றிக் காக்கின்றது. இரும்பின் கறளோ நுண்டுளைகளுடையது. இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்வது. எனவே அது மேற்பூச்சைப் பெயர்த்து, மேலும் ஈரம் புக வழிசெய்கின்றது.

1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகின்றது. கதவுகளின் கீழுள்ள உட்குடைவான பகுதிகள் அரிக்கப்படின், கெடுவது அழகு மட்டுமன்று. ஏறிச் செல்வோரின் பாதுகாப்புமாம்.

இதனைத் தடுக்கும் வழிகள் அரியனவல்ல. அடிப்பாகத்துச் சேற்றையும் உப்பையும் நன்னீரால் அடிக்கடி கழுவி உலரவிடல் வேண்டும். கதவடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடலாகாது. கறள் கண்ட இடத்தை, தூய உலோகம் தோன்றும்வரை தேய்த்து, நாகத்தூள் மிகுந்த முதற்பூச்சிடல் நன்று; நாகம் தான் முன்னர் அரிபட்டு இரும்பைக் காக்கும். உட்குடைவுகளுக்கு மெழுகுப் பூச்சு ஏற்றது. ஈர வண்டியை நீர்புகா உறையால் மூடுதல் ஈரத்தைச் சிறைப்படுத்துவதாகும்.

கறளின்மேல் வர்ணம் பூசுதல் நோயை மறைப்பதேயன்றி நீக்குவதன்று. சிறு புள்ளியாய் இருக்கும்போதே களைவதே அறிவுடைமை.