கவிழாது, ஆனால் ஆடும்

சீயமங்கலம், தேசூர், செஞ்சிப் பக்கத்துப் புதுமணத் தம்பதிகள் போகும் ஊர்கள் அதிகம் மாறுவதில்லை: ஊட்டி, கொடைக்கானல், கையில் காசு இருந்தால் மூணாறு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்ததிலிருந்து அந்தப் பட்டியலில் கடலும் சேர்ந்திருக்கிறது. "கப்பல்ல போறோம் அத்தை" என்று மருமகள் சொன்னால், மாமியார் டிக்கெட் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்பது வேறு: "அவ்ளோ ஒசரமா இருக்கே, கவுந்துடாதா?"

நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து போகும் 'எம்ப்ரெஸ்' கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1990-இல் பிரான்ஸின் சான் நாசேர் கப்பல் கட்டும் தளத்தில், பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்வருவதற்காகக் கட்டப்பட்டது. நீளம் 211 மீட்டர். அகலம் 30 மீட்டருக்குச் சற்று மேல். தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது வெறும் ஏழு மீட்டர் சொச்சம்தான், மிச்சமெல்லாம் மேலே. 2023 ஜூனில் இது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கையைத் தொட்டு வந்தது. பத்திரிகைகள் இதை 48 ஆயிரம் டன் கப்பல் என்று எழுதும்போது மலைத்துப்போக வேண்டாம். அது எடை அல்ல, கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் கணக்கு.

கவிழாததற்குப் பலரும் சொல்லும் காரணம், கப்பல் ஒரு தஞ்சாவூர்ப் பொம்மை, அடியில் கனம், அதனால் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் என்பது. பாதிதான் உண்மை. எஞ்சின், எரிபொருள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடியில்தான் இருக்கின்றன. எரிபொருள் தீரத்தீரக் கடல்நீரை ஏற்றி அந்தப் பாரத்தைச் சமன் செய்வதும் உண்டு. ஆனால் பயணிகள் கப்பலைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதன் அகலத்துக்கு. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் கூடுதலான உடற்பகுதி தண்ணீருக்குள் போகிறது. உடனே தண்ணீர் மேலே தள்ளும் விசையும் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. எடை நடுவில் கீழே இழுக்க, தண்ணீர் ஓரத்தில் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து கப்பலை நிமிர்த்துகின்றன. இதைக் கணக்காக எழுதி 1746-இல் புத்தகமாக வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குப் போன இடத்தில்தான் அவர் அந்தப் புத்தகத்தை எழுதினார். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி யோசிப்பது செஞ்சிக்காரர்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல!

ஆக, மாமியாருக்குப் பதில்: அடிப்பாகம் முழுசாக இருக்கும்வரை கவிழாது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவுக்கருகே கோஸ்தா கான்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் உரசி, பக்கவாட்டில் கிழிந்து சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அலை அதைச் சாய்க்கவில்லை, உள்ளே புகுந்த தண்ணீர் சாய்த்தது. அன்று ஏறியவர்களில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இப்போது புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி: அந்தச் சங்கு ஊதினால் செல்ஃபியை நிறுத்திவிட்டு, உங்களுக்குக் குறித்த இடத்தில் போய் நில்லுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இதில்தான் கப்பல் கட்டுபவரின் சாமர்த்தியம் இருக்கிறது. கப்பலை இன்னும் அகலமாக, அடியை இன்னும் கனமாகச் செய்தால் என்ன? கவிழும் பயம் குறையும். ஆனால் சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிரும், மறுபக்கம் வெடுக்கென்று சாயும். சாப்பாட்டு மேசையில் தட்டு நிற்காது, நடப்பவர் விழுவார். அதனால் பயணிகள் கப்பலை வேண்டுமென்றே கொஞ்சம் சோம்பேறியாக வடிவமைக்கிறார்கள். ஒருமுறை இடமும் வலமும் ஆடி முடிக்க அது பதினைந்து இருபது விநாடிகூட எடுத்துக்கொள்ளும். சரக்குக் கப்பலில் இரும்புத்தாதுவுக்கு வாந்தி வராது, இங்கே அப்படியில்லை.

அந்தச் சோம்பலான ஆட்டத்தையும் குறைக்கத்தான் பக்கத்துக்கு ஒன்றாக, நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு துடுப்புகள். துறைமுகத்தில் கப்பலைப் படம் பிடிப்பவர் கண்ணில் இவை படாது, உடலுக்குள் மடங்கியிருக்கும். நடுக்கடலில் வெளியே நீளும். கப்பல் சாயத் தொடங்கியதை உணர்கருவி கண்டுபிடித்ததும் ஒரு துடுப்பின் முனை மேல்நோக்கித் திரும்பும், மறுபக்கத்தது கீழ்நோக்கி. ஓடும் தண்ணீர் ஒன்றை உயர்த்தும், மற்றதை அழுத்தும். விமான இறக்கை வேலை செய்யும் அதே விதி. 1920-களில் ஜப்பானில் மோட்டோரா என்ற பொறியாளர் இதைச் செய்து பார்த்தார். பெரிய பயணிகள் கப்பலில் வந்தது 1950-இல், பி அண்ட் ஓ நிறுவனத்தின் சூஸான் கப்பலில். பக்கவாட்டு ஆட்டத்தின் பெரும்பகுதியை இது விழுங்கிவிடும்.

ஆனால் இரண்டு இடங்களில் கைவிரிக்கும். ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டம். 211 மீட்டர் நீளத்தை இரண்டு துடுப்பால் தாங்க முடியாது. நம் உள்காதுக்குச் சுத்தமாகப் பிடிக்காதது மேலும் கீழுமான அசைவுதான், அதிலும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் வந்தால் குமட்டல் உச்சத்துக்குப் போகும். இரண்டு, கப்பல் நின்றுவிட்டால் சாதாரணத் துடுப்புக்கு வேலையில்லை, ஏனென்றால் அதன் மேல் தண்ணீர் ஓடுவதில்லை.

தீவுப் பயணத்தில் இந்த இரண்டாவது சங்கதி முக்கியம். லட்சத்தீவுகளில் பவளப்பாறைக்கு உள்ளே ஆழம் குறைவு. பெரிய கப்பல் வெளியே நிற்க, பயணிகள் சிறு படகில் இறங்கிப் போகிறார்கள். நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியிலும் 2025-இல் அப்படித்தான் நடந்தது. கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். கீழே படகு ஒரு அடி ஏறும், இரண்டு அடி இறங்கும். படகு மேலே வந்து ஒரு கணம் தங்கும்போது காலை வைக்க வேண்டும். ஊழியர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பார். அவர் சொல்லும்வரை நகராதீர்கள். புருஷனைப் பிடித்துக்கொண்டு ஜோடியாக இறங்குவது சினிமாவுக்குச் சரி, இங்கே ஆளுக்கொருவராகத்தான்.

  

இனி, போகத் தீர்மானித்தவர்களுக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடற்கரை கொந்தளிக்கும். வங்காள விரிகுடா நம் கரையோரம் அவ்வளவு மோசமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே புயல் காலம். இலங்கைக்குப் போகும் பயணமென்றால் இருவருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். குமட்டல் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும்; வாந்தி வந்தபின் போட்டால் அவ்வளவு பயனில்லை.

அறை விஷயத்தில் என் கட்சி தெளிவானது. மேல்தளத்தில், முன்முனையில், பால்கனியோடு இருக்கும் அறைக்குத்தான் அதிகப் பணம் கேட்பார்கள். ஆட்டமும் அங்கேதான் அதிகம். ஜன்னலே இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் கண்ணுக்கு நிற்கும் சுவர், காதுக்கு ஆடும் தரை என்று மூளை குழம்புவதற்கு அது தோதான இடம். கீழ்த்தளத்தில், கப்பலின் நட்டநடுவில், அடிவானம் தெரிய ஒரு வட்ட ஜன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். மிச்சப்படும் பணத்தில் திருகோணமலையில் இறங்கிக் கோணேசுவரம் பார்த்துவிட்டு வரலாம்.