பெயர் ஒன்று, நடை வேறு

நம் விடுதியில் நெல்லை நண்பர் விரைந்து பேசினால் கோவை நண்பருக்குச் சில வேளை விளங்குவதில்லை. அதையே எழுதிக் காட்டினால் இருவருக்கும் விளங்கும். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளிலும் இதே நிலைதான்.

நாம் தட்டெழுதும் கட்டளையைப் படித்து, பொருள் கண்டு, கணினியை இயக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. பின்னர் கோர்ன் ஷெல், பாஷ், இஸட்-ஷெல் எனப் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கெனச் சில வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, ஷெல்லுக்குப் பொதுவான இலக்கணம் ஒன்றைப் 'போசிக்ஸ்' தரம் 1992-இல் வகுத்தது.

இலக்கணம் இருக்க இடர் ஏது என்பீர்கள். என் அனுபவத்தையே கூறுகிறேன்.

என் மடிக்கணினியில் இருப்பது ஃபெடோரா. அங்கே 'எஸ்.எச்.' என்று அழைத்தால் வருவது பாஷ். ஆய்வுக்கூடத்துக் கணினியிலோ உபுண்டு. அதில் 2006 முதல் அதே பெயருக்கு வருவது டேஷ் என்னும் சிறிய, விரைவான ஷெல். இரு சொற்கள் ஒன்றா என்று ஒப்பிடப் போசிக்ஸ் வகுத்த குறி = என்பது. நானோ == என்று எழுதியிருந்தேன். பாஷ் அதைப் பொறுத்துக்கொண்டது, டேஷ் பொறுக்கவில்லை. பிழைச் செய்தி ஒன்றை எழுதிவிட்டு, நிபந்தனை பொய்த்ததாகவே கொண்டு மேற்சென்றது. அந்த நிபந்தனை, கருவியின் பிழையைத் திருத்த வேண்டுமா என்று கேட்பது! திருத்தாத அளவுகளைக் கொண்டு மூன்று இரவுகள் ஓடிய கணக்கு வீணாயிற்று. குற்றம் டேஷினுடையதன்று, என்னுடையதே.

வேறுபாடுகள் இன்னும் உள. 'எக்கோ' கட்டளையில் பின்சாய்கோட்டுக் குறிகளை டேஷ் பொருள்கொண்டு விரிக்கும். பாஷ் இயல்பாக அப்படியே அச்சிடும். மேற்கோள் குறிக்குள் இடாத மாறியின் மதிப்பில் இடைவெளி இருந்தால், பாஷும் டேஷும் அதைப் பல சொற்களாகப் பிரிக்கும். இஸட்-ஷெல் இயல்பாகப் பிரிக்காது. 2019 முதல் மேக் கணினிகளில் முதலில் நம்மை வரவேற்பது இந்த இஸட்-ஷெல்தான்.

எனவே, பிறர் கணினியிலும் ஓடவேண்டிய கட்டளைத் தொகுப்பைப் போசிக்ஸ் எல்லைக்குள் எழுதுங்கள். மாறிகளை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். எக்கோவை விடுத்துப் 'பிரிண்ட்எஃப்' கட்டளையைக் கையாளுங்கள். டேஷில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாஷின் தனி வசதிதான் வேண்டுமெனில், முதல் வரியிலேயே பாஷ் என்று பெயர் சொல்லி அழையுங்கள்.

வீட்டில் எப்படியும் பேசலாம். ஊருக்கு எழுதும் மடலை எல்லோருக்கும் விளங்கும் நடையில் எழுதுவதன்றோ முறை?