கேளிக்கைப் பூங்காவும் கைப்பணமும்

சென்ற ஆண்டு தேர்வு முடிந்த கையோடு நம் மன்றத்தார் பதினெண்மர் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்று வந்தோம். ஏற்பாடு செய்தவன் நான். அறிவிப்புப் பலகையில் நுழைவுக் கட்டணத்தை மட்டும் எழுதி, "விருப்பமுள்ளோர் பெயர் தருக" என்று ஒட்டினேன். பத்தொன்பதாவதாகப் பெயர் தந்த முதலாண்டுத் தம்பி ஒருவர், புறப்படும் நாளன்று காலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டார். வந்தவர்களிலும் இருவர் நண்பகலில் "பசியில்லை" என்றனர். ஏறி இறங்கிக் களைத்த இளைஞருக்குப் பசியில்லாமற் போகுமா? எனக்கு அப்போது அது தோன்றவில்லை. விடுதிக்குத் திரும்பிய பின்னர்தான் தெரிந்தது: அன்று ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது.

தவறு பூங்காவினுடையதன்று, என்னுடையது. நுழைவுக் கட்டணம் என்பது செலவின் ஒரு பகுதியே. மறுபகுதியை நான் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருக்கவும் இல்லை. கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவனுக்குச் செலவு அதிகம் என்பதைவிட, எவ்வளவு ஆகும் என்று தெரியாமையே பெரிய அச்சம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். அந்த அளவைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒற்றைச் சீட்டு வந்த கதை

சிறுவயதில் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சிக்கு என் தந்தையார் அழைத்துச் செல்வார். ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, ரயிலுக்கு ஒரு சீட்டு, மரணக் கிணற்றுக்கு ஒரு சீட்டு. சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரண்டுதான், எது வேண்டும், நீயே சொல்" என்பார். அங்கே சிக்கனம் என்றால் குறைவாக ஏறுவது.

அமெரிக்காவில் 1955 ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தும் முதலில் இம்முறையைத்தான் பின்பற்றியது. நுழைவுக்கு ஒரு கட்டணம். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தரம் பிரித்த சீட்டுப் புத்தகம். 1982இல்தான் அங்கே சீட்டுப் புத்தகங்கள் அடியோடு கைவிடப்பட்டன. ஒருமுறை பணம் கட்டி நுழைந்தால் நாள் முழுதும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்றாயிற்று. நம் நாட்டில் தில்லியில் 1984இல் அப்பு கர் தோன்றியது; அது 2008இல் மூடப்பட்டது. தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா 1995இலும், கொச்சியில் வீகாலாந்து 2000ஆம் ஆண்டிலும் வந்தன. வீகாலாந்தை நிறுவியவர்களே 2005இல் பெங்களூரை அடுத்த பிடதியில் வண்டர்லாவைத் தொடங்கினர். ஏறக்குறைய 82 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவைத்தான் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நம் வளாகத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியது அது.

இவ்வரலாறு எதற்கு என்று கேட்கலாம். சீட்டு முறை மாறியபோது சிக்கனத்தின் பொருளும் மாறிவிட்டது. நாள் முழுமைக்கும் பணம் கட்டிவிட்டபின் குறைவாக ஏறுவதால் ஒரு காசும் மிச்சமாகாது. கட்டிய பணத்துக்கு மிகுதியாக ஏறுவதே இங்கே சிக்கனம். ஆகவே பணக் கணக்கோடு நேரக் கணக்கும் போட வேண்டும்.

வரிசை என்னும் மறைமுகச் செலவு

பூங்காவில் ஒரு விளையாட்டுக்கான வண்டியில் 16 இருக்கைகள் என்றும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புறப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 480 பேர் ஏறுவர். விடுமுறை நாளில் நமக்கு முன்னே 320 பேர் நின்றால் 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். வேலை நாளில் 120 பேரே நின்றால் 15 நிமிடம் போதும். நிற்பவர் தொகையை, ஏறும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். எளிய கணக்குத்தான், ஆயினும் இதன் பொது வடிவத்தை ஜான் லிட்டில் என்னும் அறிஞர் 1961இல் கணித முறையில் நிறுவினார். வங்கி, மருத்துவமனை, தொலைபேசி நிலையம் ஆகிய எல்லா வரிசைகளுக்கும் அது பொருந்தும்.

பூங்காவில் நமக்குக் கிடைப்பது ஏழு மணி நேரம் என்போம். உணவுக்கு ஒரு மணி, உடை மாற்றவும் இளைப்பாறவும் ஒரு மணி போக எஞ்சுவது 300 நிமிடம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏறி இறங்கி அடுத்ததற்கு நடக்கப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வோம். விடுமுறை நாளில் ஒன்றுக்கு 50 நிமிடம்; ஆக ஆறு விளையாட்டு. வேலை நாளில் ஒன்றுக்கு 25 நிமிடம், ஆகப் பன்னிரண்டு. வேலை நாளில் கட்டணமும் குறைவு என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

எனவே நாளைத் தேர்ந்தெடுப்பதே முதற்படி. சனி, ஞாயிறு, ஏப்ரல், மே, தசரா விடுமுறை இவற்றைத் தவிர்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வானிலை இனிது; ஆனால் பள்ளிக் குழந்தைகள் பேருந்து பேருந்தாகச் சுற்றுலா வரும் காலமும் அதுவே. பள்ளிகள் திறந்து பாடம் மும்முரமாக நடக்கும் ஜூன் இறுதி, ஜூலை மாதங்களின் செவ்வாய், புதன் கிழமைகள் ஏற்றவை. மழை வரலாம்; இடி மின்னலின்போது உயரமான விளையாட்டுகளைச் சற்று நிறுத்துவார்கள். வகுப்பை இழக்காமல் வேலை நாளில் செல்ல, நம் பருவத் தேர்வு முடிந்த மறுநாளே வழி.

கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு வரிசையைச் சுருக்கித் தரும் விரைவுச் சீட்டும் உண்டு. கூட்டமில்லாத நாளில் அது வீண். 15 நிமிடத்தை ஐந்தாக்குவதற்கு யாராவது பணம் கொடுப்பார்களா?

உள்ளே நுழைந்ததும் வாயிலருகே இருப்பதில் ஏறிவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. அங்கேதான் முதலில் வரிசை நீளும். பலரும் விரும்பும் பெரிய விளையாட்டுகளுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் நேரே சென்றுவிட வேண்டும். நீர் விளையாட்டுகளைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டால் ஒரே முறை உடை மாற்றினால் போதும். ஈர உடையோடு நடுங்கிக்கொண்டு தலைகீழாகச் சுழல வேண்டியதில்லை.

பணக் கணக்கு

கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. ஆகையால் கணக்கின் முறையை விளக்கச் சில எண்களைக் கருதிக்கொள்கிறேன். புறப்படும் வாரத்தில் உண்மை விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நாள் கட்டணம் 1,200 ரூபாய் என்க. இதன்மேல் சரக்கு சேவை வரி உண்டு. 2017 ஜூலையில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடாக இருந்த இவ்வரி, 2018 ஜனவரி 25 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆக வரி 216, மொத்தம் 1,416. கல்லூரி அடையாள அட்டை காட்டும் மாணவர்க்கு இப்பூங்கா தள்ளுபடி அளித்து வருகிறது; அளவு அவ்வப்போது வேறுபடும். இருபது விழுக்காடு என்று கொண்டால், 1,200 என்பது 960 ஆகும். வரியும் அந்த 960க்கே, 172 ரூபாய் 80 காசு. ஆகச் சீட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 1,133 ரூபாய். அட்டையை விடுதியில் மறந்து வைத்துவிட்டு வருபவர் கணக்கில் 283 ரூபாய் நட்டம். ஆதலால் பேருந்தில் ஏறுமுன் அட்டைகளைச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள்.

போக்குவரத்து: பூங்கா மைசூர்ச் சாலையில், நகரிலிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஐவர் சேர்ந்து வாடகைக் கார் பிடிப்பது எளிது. அதுவே பணத்தைத் தின்னும் வழியும். 2023 அக்டோபரில் மெட்ரோவின் ஊதா வழித்தடம் மைசூர்ச் சாலையிலுள்ள சல்லகட்டா வரை நீட்டப்பட்டுவிட்டது. நகர நெரிசலை மெட்ரோவில் கடந்து, அங்கிருந்து பிடதி வழிச் செல்லும் பேருந்தில் ஏறலாம். மெஜஸ்டிக் நிலையத்திலிருந்து நேர்ப் பேருந்துகளும் உண்டு. பிடதியில் நிற்கும் மைசூர்ப் பாசஞ்சர் ரயில் எல்லாவற்றிலும் மலிவு. நிலையத்திலிருந்து ஆட்டோ பகிர்ந்துகொள்ள வேண்டும். நம் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: கருநாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் 2023 ஜூன் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் இச்சலுகை கருநாடகத்தில் வசிப்போர்க்கே. மதுரை, சேலம் முகவரியுள்ள ஆதார் அட்டையைக் காட்டினால் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். இதையும் கணக்கில் வையுங்கள்.

உணவு: வெளி உணவை உள்ளே கொண்டுபோக இயலாது. புளிச்சோற்றுப் பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லும் நம் பழக்கம் வாயிலோடு நின்றுவிடும். அதற்கு மாற்று, நுழையுமுன் வயிறார உண்பது. பிடதி தட்டு இட்டிலிக்குப் பேர்போன ஊர். தட்டளவு அகன்ற, பஞ்சுபோன்ற இட்டிலி இரண்டும் சட்டினியும் பிற்பகல் வரை தாங்கும். ஆனால் உண்ட உடனே சுழலும் விளையாட்டில் ஏற வேண்டா. நம் காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பு "சுழல்கிறேன்" என்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் இடையே மூளை தடுமாறும்போது குமட்டல் எழுகிறது. நிறைந்த வயிறு அதைப் பெரிதாக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டபின் ஏறுங்கள். உள்ளே ஒரு வேளை உணவுக்கு ஒதுக்கியே தீர வேண்டும். அந்தப் பணத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே இடத்தில் உண்பது நலம்.

உடை: நீர்க்குளங்களில் பருத்தி ஆடைக்கு இடமில்லை. நைலான் போன்ற செயற்கை இழை ஆடையே வேண்டும். பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும். நூற்பிசிறு வடிகட்டிகளில் சென்று அடைக்கும். இது தெரியாமல் போகிறவர் உள்ளே கடையில் புதிது வாங்க நேரும். விளையாட்டுத் திடலில் நாம் அணியும் நைலான் கால்சட்டையும் சட்டையும் போதும். துண்டு ஒன்றும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டகம் நால்வருக்கு ஒன்று போதும். கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டால் அதற்கென உறை வாங்கும் செலவும் இல்லை.

இப்போது இரண்டு பட்டியலையும் அருகருகே வைப்போம். திட்டமில்லாமல் விடுமுறை நாளில் செல்பவருக்கு: கட்டணம் 1,500, வரி 270, கார் 450, உணவு 450, உடை 500, பெட்டகமும் புகைப்படமும் பிறவும் 250, ஆக 3,420. ஏறியது ஆறு. ஒன்றுக்கு 570 ரூபாய். திட்டமிட்டுச் செல்பவருக்கு: சீட்டு 1,133, போக்குவரத்து 150, உணவு 300, பெட்டகப் பங்கு 40, எதிர்பாராச் செலவுக்கு 77, ஆக 1,700. ஏறியது பன்னிரண்டு. ஒன்றுக்கு 142 ரூபாய். மொத்தச் செலவு பாதியாயிற்று; ஒரு விளையாட்டின் விலையோ நான்கில் ஒரு பங்காயிற்று.

பத்தொன்பதாமவர்

ஆயினும் 1,700 ரூபாயும் எல்லாருக்கும் ஒரே கனமுடையதன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் அண்ணன்மாருக்கு 2023 முதல் திங்கள்தோறும் 37,000 ரூபாய் வருகிறது. என்னைப் போன்ற முதுநிலை மாணவர் பலருக்கு வருவது வீட்டிலிருந்துதான். அதுவும் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் போக மிஞ்சுவதே கைச்செலவு. இதை மன்றக் கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். சொல்லும்படி வைப்பதும் முறையன்று.

ஆகவே இவ்வாண்டு மூன்று மாற்றங்கள். முதலாவது, அறிவிப்பில் நுழைவுக் கட்டணம் மட்டுமன்று, முழுத்தொகையும் பிரிவு பிரிவாக எழுதப்படும். இரண்டாவது, பணம் மூன்று மாதத் தவணையில் பெறப்படும். மூன்றாவது, தவணை நாளில் எல்லாருக்கும் பெயரெழுதாத ஒரே மாதிரி உறை தரப்படும். கூடுதலாக இட முடிந்தவர் இடுவார்; குறைவாக இட நேர்ந்தவர் குறைவாக இடுவார்; யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மொத்தம் குறைந்தால் உள்ளே வாங்கும் சிற்றுண்டியைக் குறைப்போம். பேருந்தை விட்டு ரயிலில் போவோம். அதற்கும் போதாவிடில் நாளைத் தள்ளிவைப்போம். ஆளைக் குறைப்பது மட்டும் இல்லை.

ஊரைவிட்டு வந்த நமக்கு இங்கே மன்றம்தான் தெரு, அதுவே திண்ணை. பொருட்காட்சிக்குப் போகும் தெருப்பிள்ளைகளில் ஒருவனைக் கையில் காசில்லை என்று எந்தத் தாயும் விட்டுச் சென்றதில்லை.

மேற்கண்ட கணக்கை முதலில் நான் போட்டபோது வரியை முழுக் கட்டணத்துக்குக் கணக்கிட்டு, அதன்பின் 20 விழுக்காட்டைக் கட்டணத்தில் மட்டும் கழித்திருந்தேன். தாளை வாங்கிப் பார்த்து, "அண்ணா, தள்ளுபடி போக மீதிக்குத்தானே வரி? ஆளுக்கு 43 ரூபாய் கூடுதலாகக் காட்டுகிறீர்களே" என்று திருத்தியவர் அந்த முதலாண்டுத் தம்பியே. இப்போது அவர் இரண்டாமாண்டு. இவ்வாண்டுப் பயணத்தின் பொருளாளரும் அவரே. பெயர் தர விரும்புவோர் அவரைக் காண்க.