பழைய மொபெட்டுக்கு ஒரு மறுவாழ்வு

ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட். பால்காரர், ஆசிரியர், பூ வியாபாரி எனத் தமிழகத்தின் ஒரு தலைமுறைக்கு சைக்கிளுக்கு அடுத்த படியாக இருந்தது அந்த வண்டி. எஞ்சியிருப்பவற்றை மீட்டெடுக்க விரும்புவோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘உதிரிபாகம் கிடைக்குமா?’ என்பதுதான். என் தந்தையின் 1986ஆம் ஆண்டு வண்டியை மீண்டும் ஓடவைத்த அனுபவத்தில் சொல்கிறேன்: கிடைக்கும், ஆனால், எதை எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ரப்பர்

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குச் செல்கிறது. அந்த அறையின் காற்று கசியாமல் காப்பவை, கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள். நெடுங்காலம் நின்ற வண்டியில் இவை இறுகி வெடித்திருக்கும். அந்த வழியே வெளிக்காற்று நுழைந்தால், கலவையில் பெட்ரோலின் பங்கும் அதோடு கலந்துவரும் ஆயிலின் பங்கும் குறையும். இன்ஜின் சூடேறி பிஸ்டன் ‘சீஸ்’ ஆகிவிடும். எனவே, உதைத்தவுடன் உயிர்பெற்றுவிட்டது என்பதற்காக ஒரு பழைய வண்டியை அப்படியே சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பரைச் சிதைக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயையும் கேஸ்கெட்டையும் பொருத்துவது அவசியம்.

மூன்று வகைத் தேடல்

பேரிங், ஆயில் சீல் போன்றவை பொது அளவுகளில் வருபவை. பழையதன் மீது பொறித்துள்ள எண்ணைச் சொன்னால், எந்த பேரிங் கடையிலும் வாங்கலாம். வண்டியின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை.

பிஸ்டன், ரிங், கான்டாக்ட் பாயின்ட் ஆகியவை இரண்டாம் வகை. சென்னை ஜி.பி. சாலையிலும், அதைவிட அதிகமாகச் சிறு நகரங்களின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் விற்காமல் தங்கிய சரக்காக இவை இருக்கின்றன. பிஸ்டன் கிடைத்த பிறகே சிலிண்டரை ‘போர்’ செய்யக் கொடுக்க வேண்டும். முதலில் போர் செய்துவிட்டு அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காமல் போனால், சிலிண்டர் வீணாகும்.

டேங்க், மட்கார்டு, விளக்குக் கூடு போன்றவை மூன்றாம் வகை. இவற்றுக்குப் புதுப்பேட்டைதான் கதி; அங்கும் இல்லையென்றால், இருப்பதையே தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேண்டும். முழு இன்ஜினாக வாங்குவோர் கவனிக்க: இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றும் ஒத்துப்போகாவிட்டால், பதிவைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம்.

சட்டத்தின் இடைவெளி

உழைப்பெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான தடை தெரியவரும். தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு தகுதிச் சோதனையுடன் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022இல் 1,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025இல் 2,000 ரூபாயானது. மறுபுறம், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வாகனமே ‘விண்டேஜ்’. அதற்குப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். முதல் டிவிஎஸ் 50கூட 2030இல்தான் அந்தத் தகுதியைப் பெறும். அதுவரை, பேணிக் காக்கப்பட்ட வண்டியும் கைவிடப்பட்ட வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

ஜெர்மனியில் அசல் நிலையில் பேணப்படும் வாகனத்துக்கு 30 ஆண்டுகளிலேயே தனி அடையாளம் தரப்படுகிறது. இங்கும் அந்த வரம்பைக் குறைத்து, ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் ஓடும் சிறு வண்டிகளுக்கு எளிய கட்டணத்தை நிர்ணயிக்கலாம். சாமானியர்களின் உழைப்பைச் சுமந்த வாகனங்களும் பாதுகாக்க வேண்டிய வரலாறே. 20,000 ரூபாய் கட்ட முடிந்தவர்களின் கார்கள் மட்டும் எஞ்சினால், அது பாதி வரலாறாகவே இருக்கும்.