மூன்று வேலை, ஒரு டிசம்பர்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கடையை நடத்திக்கொண்டே வீட்டை இடித்துப் பார், கூடவே பரீட்சைக்கும் படித்துப் பார் என்று சொல்லவில்லை. அமிர்தி பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், 2024 டிசம்பரில் மூன்றையும் ஒன்றாகச் செய்து பார்த்தார்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் சென்றால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி. 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்காவும் அருவியும் இருப்பதால் விடுமுறை நாட்களில் ஜனம் வந்து போகும் இடம். கிறிஸ்துமஸும் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வருவதால், டிசம்பர் கடைசி வாரத்தில் அங்குள்ள கடைகளில் நல்ல வியாபாரம். கேக்குக்கு மைதா, சர்க்கரை, முந்திரி, உலர்திராட்சை. பலகாரத்துக்கு வெல்லம், மாவு, எண்ணெய் என்று சரக்கு நிற்காமல் நகரும்.

அந்தத் தம்பி கிறிஸ்தவர். முப்பது வயது இருக்கும். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். அங்கே தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். பண்டிகைக்குச் சொந்தபந்தம் வருவதற்குள் முன்னறைக்குக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று, நவம்பர் தொடக்கத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டார். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையையும் சுற்றுப்புறத்தையும் மழை புரட்டி எடுத்தது. தம்பி வீட்டில் இருந்த சிமெண்டு மூட்டைகள் நனைந்து கல்லாகிவிட்டன. சென்டரிங் பலகைக்கு மட்டும் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் என் மண்டிக்கு வந்தார். முகத்தில் களையே இல்லை. "ஐயா, கடைப் பணம் முழுவதும் கம்பியிலும் சிமெண்டிலும் போய்விட்டது. இந்த முறை மொத்தச் சரக்கும் கடனாகக் கொடுங்கள். பரீட்சையை விட்டுவிடுகிறேன். ஜூனில் எழுதிக்கொள்ளலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். தபால் வழியில் படிக்க, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எத்தனை வருஷம் சொன்னேன்! அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. இன்று மாதாமாதம் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20-ஆம் தேதி 3பி என்று வந்தால், கணக்கர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"தம்பி, விட வேண்டியது பரீட்சையை அல்ல, கூரையை" என்றேன்.

கணக்கைச் சொன்னேன். கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். இப்போது பரவலாக விற்கும் பி.பி.சி. சிமெண்டு என்றால் 10 நாள். அதன் பிறகு பலகை பிரித்து, பூசி, பூச்சு காய்ந்து, வண்ணம் அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இது 25-ஆம் தேதிக்குள் நடக்காது. அவசரப்பட்டால் ஆயுசுக்கும் ஒழுகும்.

கொத்தனாரைத் தை மாதம் வரச் சொல்லிவிட்டு, முன்னறைக்குத் தார்ப்பாய் கட்டினார். கேட்டதில் பாதிச் சரக்குதான் கடனாகக் கொடுத்தேன். அதுவும் கைமாறி உடனே பணமாகும் சரக்கு மட்டும். தேர்வு நாட்களில் அவர் மனைவி கடையைப் பார்த்துக்கொண்டார். தார்ப்பாயின் கீழ் பண்டிகை கொண்டாடுவதா என்று அவர் தாயாருக்கு மிகுந்த வருத்தம். வந்த உறவினர் இரண்டொருவர் ஏதோ சொல்லியும் இருக்கிறார்கள்.

முடிவு? நான்கு தாள் எழுதி மூன்றில் தேறினார். மீதி ஒன்றையும் ஜூனில் முடித்தார். பிப்ரவரி வெயிலில் போட்ட கூரை அடுத்த மழைக்குச் சொட்டவில்லை. எனக்கு வர வேண்டிய பாக்கி, சொன்ன தவணைக்கு இரண்டு வாரம் தாமதமாக வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நம் சிறு வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டு வேலையைத் தையில் தொடங்கிக் கோடையில் முடித்துவிடுங்கள். நெருக்கடி வந்தால் எல்லோரும் முதலில் கைவிடுவது படிப்பைத்தான். ஏனென்றால், அது மட்டும்தான் வாய் திறந்து கேட்பதில்லை. மொத்த வியாபாரிகளும், வழக்கத்துக்கு மேல் கடன் கேட்பவரிடம், "சரக்குக்குப் போட வேண்டிய பணம் எங்கே போனது?" என்று ஒரு வார்த்தை உரிமையோடு விசாரியுங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஓட்டைப் பிரிக்க நினைக்கும் அன்பர்கள், அதற்கு முன் ஒரு தரம் பேரேட்டைப் பிரித்துப் பாருங்கள்.